அமெரிக்கத் தெற்கின் வாக்காளர் வகுப்புகளில் எதைக் கற்றுக்கொடுத்தார்கள்?

கேள்வி: 1965 வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெருமளவில் வாக்காளர் ஆனார்கள் என்றால், அதற்கு முன்னால் பல ஆண்டுகள் நடத்திய வாக்காளர் வகுப்புகளால் என்ன பயன்? அங்கே எதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள்?

பதில்:

முதல் பாதி உண்மை. மிசிசிப்பியில் 1964-ல் வாக்களிக்கும் வயதில் இருந்த கறுப்பினத்தவரில் சுமார் 6.7 சதவீதம் பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். 1967-ல் அது 60 சதவீதத்தை நெருங்கிவிட்டது. சட்டம் இல்லாமல் இந்த ஏற்றம் நடந்திருக்காது. ஆனால் அதை வைத்து வகுப்புகள் வீண் என்று சொல்லிவிட முடியாது. அவை எல்லா மாநிலத்திலும் ஒரே வேலையைச் செய்யவில்லை; பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ஒழுங்காக எழுதினால் தேறலாம் என்றிருந்த இடத்தில் அவை எழுத்தறிவு வகுப்புகள். என்ன எழுதினாலும் தேற விடமாட்டார்கள் என்ற இடத்தில் அவை தோல்வியைத் திரட்டும் வேலை. அப்படித் திரட்டிய தோல்விகள்தான் வழக்குகளுக்கும், கடைசியில் அந்தச் சட்டத்துக்குமே ஆதாரம் ஆயின.

தடை எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று தெரியாமல் வகுப்பு புரியாது. நம் ஊர்போல் பட்டியலில் பெயர் சேர்க்க வீடு தேடி யாரும் வரமாட்டார்கள். கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தலைமையிடத்தில் உள்ள நீதிமன்றக் கட்டடத்துக்கு அன்று தாமே போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1870-ல் வந்த 15-வது திருத்தம், நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. ஆகவே நிறம் என்ற சொல்லே வராமல் அதே காரியத்தைச் சாதிக்கும் விதிகளைத் தென் மாநிலங்கள் எழுதின. மிசிசிப்பியின் 1890 அரசியலமைப்பு இதில் முன்னோடி. ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி கட்டியிருக்க வேண்டும். அரசியலமைப்பின் ஒரு பிரிவை வாசிக்கவோ, வாசிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளவோ தெரிந்திருக்க வேண்டும். புரிந்ததா என்று தீர்மானிப்பவர் பதிவு அலுவலர். தெற்கில் ஜனநாயகக் கட்சியை விட்டால் வேறு கட்சிக்கு வேலையில்லாத காலம் அது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அக்கட்சியின் முதல்நிலைத் தேர்தலையும் வெள்ளையருக்கு மட்டும் என்று பல மாநிலங்களில் வைத்திருந்தார்கள். 1944-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும், சுமை முழுவதும் பதிவு அலுவலகத்தின் மேல் வந்து விழுந்தது. 1954-ல் மிசிசிப்பி விதியை இன்னும் இறுக்கியது: வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், விளக்கமும் சொல்ல வேண்டும்.

அந்தப் படிவத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மொத்தம் 21 கேள்விகள். பெயர், வயது, தொழில் எல்லாம் வழக்கம்போல. ஆறாவது கேள்வி: உங்களை வேலைக்கு வைத்திருப்பவர் யார்? பார்க்க அப்பாவித்தனமான கேள்விதான். ஆனால் பருத்திப் பண்ணையில் குடியிருந்து உழைக்கும் ஒருவர் அதில் முதலாளியின் பெயரை எழுதினால், அவர் வீடு திரும்புவதற்குள் செய்தி பண்ணைக்குப் போயிருக்கும். லஞ்சம், திருட்டு, தீ வைப்பு, இருதார மணம் என்று ஒரு பட்டியல் கொடுத்து இதில் எதற்காவது தண்டனை உண்டா என்று ஒரு கேள்வி. 18-வது கேள்வியில் அலுவலர் சுட்டும் அரசியலமைப்புப் பிரிவை அப்படியே பார்த்து எழுத வேண்டும். 19-ல் அதற்குப் பொருள் சொல்ல வேண்டும். 20-ல் அரசியலமைப்பு வழிப்பட்ட ஆட்சியில் குடிமகனின் கடமைகள் பற்றி நீங்கள் புரிந்துகொண்டிருப்பதை எழுத வேண்டும். அதன் பிறகு உறுதிமொழி. பொதுவானவர்களுக்கு ஒன்று, மதபோதகருக்கு ஒன்று, போதகரின் மனைவிக்கு ஒன்று எனப் பல வகை உறுதிமொழிகளில் தனக்குரியதைத் தேர்ந்து கையெழுத்திட வேண்டும். எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டு உறுதிமொழியில் கையெழுத்தை விட்டவர்கள் உண்டு. அது ஒன்றே போதும், விண்ணப்பம் தள்ளுபடி.

மிசிசிப்பி அரசியலமைப்பில் 285 பிரிவுகள். எதைக் கொடுப்பது என்பது அலுவலரின் விருப்பம். கடனுக்காக யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்ற ஒருவரிப் பிரிவு வெள்ளையருக்குப் போகும். வரிவிலக்கு, நிறுவனச் சட்டம் என்று பத்தி பத்தியாக ஓடும் பிரிவு கறுப்பினப் பள்ளி ஆசிரியருக்குப் போகும். 1962-ல் இன்னும் சில சட்டங்கள் சேர்ந்தன. விண்ணப்பித்தவர் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும். தோற்றவரிடம் எதில் தோற்றார் என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் அது அடுத்த முறைக்கு உதவியாகிவிடுமாம்! இதை எழுத்திலேயே சட்டமாக்கி வைத்திருந்தார்கள்.

மற்ற மாநிலங்களின் சூது வேறு மாதிரி. லூசியானாவில் வயதை ஆண்டு, மாதம், நாள் கணக்கில் துல்லியமாக எழுத வேண்டும். ஒரு நாள் பிசகினால் நிராகரிப்பு. அலபாமாவில் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவர் வந்து இவர் இன்னார் என்று உறுதி சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லாத கவுன்டியில் யாரை அழைத்துப் போவது? கறுப்பினத்தவர் கல்லூரிக்குப் பேர்போன டஸ்கீகி இருக்கும் மேக்கன் கவுன்டியில், படித்த கறுப்பினத்தவர் அதிகம் என்பதால் தேர்வு பலிக்கவில்லை. பதிவு வாரியத்தினர் பதவி விலகி, வாரியமே இயங்காமல் போன காலங்கள் உண்டு.

தென் கரோலினா நிலைமை இவ்வளவு மோசமில்லை. அரசியலமைப்பின் ஒரு பிரிவை வாசித்து எழுதினால் போதும், விளக்கம் கேட்பதில்லை. குடியுரிமைப் பள்ளிகள் என்று பெயர் பெற்ற வாக்காளர் வகுப்புகள் அங்கே பிறந்தது தற்செயல் அல்ல என்பது என் கணிப்பு. சார்ல்ஸ்டனை ஒட்டிய ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவு மக்களைத் தினமும் நகரத்து வேலைக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டிவந்தார். போகிற வழியிலேயே அரசியலமைப்புப் பிரிவுகளைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆலிஸ் வைன் என்ற பயணி அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் எனக்கு நிஜமாகவே வாசிக்க வேண்டும் என்றார். தேவை அங்கிருந்து கிளம்பியது. ஜென்கின்ஸ் இயக்க ஊழியர்களுக்குப் பயிற்சி தந்த, டென்னசியில் இருந்த ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியிடம் உதவி கேட்டார். அவர்கள் கொடுத்த 1,500 டாலர் வட்டியில்லாக் கடனில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்க அறைகளில் வகுப்பு. வெள்ளையர் கண்ணுக்குக் கடை மட்டும் தெரியட்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

வகுப்பு 1957 ஜனவரி 7 அன்று தொடங்கியது. திட்டத்தின் மூளை செப்டிமா கிளார்க். அனுபவம் மிக்க ஆசிரியர். கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்ததால் 1956-ல் வேலையை இழந்தவர். ஆனால் வகுப்பெடுக்க அவர் ஆசிரியரைத் தேடவில்லை. அழகு நிலையம் நடத்திய பெர்னீஸ் ராபின்சனைப் பிடித்தார். காரணம் இரண்டு. பள்ளி ஆசிரியர் போல முதியவர்களைச் சிறுபிள்ளையாக நடத்தமாட்டார். வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள் என்பதால் அவர் பிழைப்பில் எந்த வெள்ளை முதலாளியும் கை வைக்க முடியாது. இந்த இரண்டாவது விதியைப் பிற்பாடும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். சொந்தக் கடை, சொந்த நிலம், சலூன், சவ அடக்க நிலையம் வைத்திருப்பவர்களைத்தான் ஊர் ஊராகத் தேடினார்கள். மாநிலச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் பயந்ததை நாம் குறை சொல்ல முடியாது. கிளார்க்குக்கு நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ராபின்சன் முதல் நாள் ஆரம்பப்பள்ளிப் பாடப் பொருட்களை எடுத்துப் போனார். வந்திருந்த பெரியவர்களைப் பார்த்ததும் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தன் பெயரைத் தானே எழுத வேண்டும். வெளியூர்ப் பிள்ளையின் கடிதத்தை வாசிக்க வேண்டும். பைபிள் வாசிக்க வேண்டும். அஞ்சல் வழிக் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்துப் பொருள் வரவழைக்க வேண்டும், மணியார்டர் நிரப்ப வேண்டும். பாடத்திட்டம் அதுதான். பயிர் வேலை இல்லாத குளிர்கால மாதங்களில், வாரம் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்து, எழுத்தின் மேலேயே விரலையும் பிறகு பென்சிலையும் திரும்பத் திரும்ப ஓட்டவைத்தார்கள். கைக்கு வளைவு பழகினால் எழுத்து வந்துவிடும். ஏரும் மண்வெட்டியும் பிடித்துப் பழகிய கை என்பதால் அழுத்தத்தில் பென்சில் ஒடியும். சொல்லிக்கொடுப்பவர் அதைக் கவனிக்காதது போல அடுத்த பென்சிலைத் தர வேண்டும், முதல் வாரத்தில் யாரையும் வெட்கப்படவைத்தால் ஆள் திரும்ப வரமாட்டார். வாசிப்புக்குத் தேர்தல் சட்டத்தில் வரும் சொற்களே. சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி, வகுப்பு முடியும்போது இதை எல்லோரும் வாசிக்க வேண்டும் என்றார் ராபின்சன்.

1961-ல் டென்னசி அரசு ஹைலேண்டரை மூட வைத்தபோது திட்டம் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்குக் கைமாறியது. ஜார்ஜியாவின் மெக்கின்டாஷில் உள்ள டார்செஸ்டர் மையத்தில் கிளார்க், டாரதி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் மாதந்தோறும் ஊர் ஊராக ஆட்களை வரவழைத்து ஒரு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர் ஊர் திரும்பித் தேவாலயத்திலோ சமையலறையிலோ வகுப்பு தொடங்குவார். மாதம் 30 டாலர் கொடுத்தார்கள். 1970 வரை இப்படி ஏறத்தாழ 900 வகுப்புகள்.

மிசிசிப்பிக்கு இதே பாடத்தை எடுத்துப் போனால் செல்லுபடியாகவில்லை. மாணவர் அமைப்பான ஸ்னிக்கைச் சேர்ந்த பாப் மோசஸ் 1961 ஆகஸ்டில் மெக்கோம்பில் வகுப்பு தொடங்கினார். அந்த 21 கேள்விப் படிவத்தின் நகலை நிரப்பிப் பழகவைப்பது, பிரிவுகளைப் பிரித்துப் பொருள் சொல்லிக்கொடுப்பது, பிறகு இரண்டு மூன்று பேரோடு நீதிமன்றத்துக்குப் போவது. செப்டம்பர் 25 அன்று, இந்த வேலைக்கு உதவிய விவசாயி ஹெர்பர்ட் லீயை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார், வழக்கு நிற்கவில்லை. பார்த்த சாட்சி லூயிஸ் ஆலன் 1964 ஜனவரியில் கொல்லப்பட்டார். தேர்வுக்குத் தயார் செய்வது இங்கே வேலையின் சிறு பங்குதான் என்று ஸ்னிக்குக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஆகவே வேலையின் பெரும்பகுதி வீடு வீடாகப் போவது. முதல் தடவை பதிவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. வாசலில் உட்கார்ந்து பேச வேண்டும், ஒரே வீட்டுக்குப் பல தடவை போக வேண்டும். வெளியூர் இளைஞன் தனியாகப் போனால் கதவு திறக்காது. உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பிறகு தேவாலயக் கூட்டம், அங்கே பாட்டு. பாட்டு பயத்தைப் போக்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைவிட, யார் யார் நம்மோடு இருக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள அதுதான் இடம். நீதிமன்றத்துக்குக் கும்பலாகப் போவதிலும் கணக்கு உண்டு: தனியாகப் போனவரை மட்டும் பழிவாங்குவது சுலபம். வண்டிக்குள் இருக்கும் விளக்கைக் கழற்றிவிட வேண்டும், இரவில் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பவர் தெரியக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் சிறைகளுக்கும் எஃப்.பி.ஐ.க்கும் அழைக்கத் தொடங்குவார்கள்.

பண்ணைத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமரின் கதை இதன் முழு வரைபடம். 1962 ஆகஸ்ட் 31 அன்று ரூல்வில்லிலிருந்து 18 பேர் ஒரு பேருந்தில் இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவருக்கும் அரசியலமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்தார்கள். பார்த்து எழுதினார், விளக்கம் எழுத முடியவில்லை. திரும்பும் வழியில் பேருந்தின் நிறம் தவறு என்று சொல்லி ஓட்டுநரைப் பிடித்து அபராதம் போட்டார்கள். 18 ஆண்டுகள் வேலை செய்த பண்ணையிலிருந்து அன்று இரவே அவர் வெளியேற வேண்டியதாயிற்று. டிசம்பரில் மறுபடி எழுதி 1963 ஜனவரியில் தேறினார். வாக்களிக்கப் போனால், இரண்டு ஆண்டு தலைவரி ரசீது எங்கே என்றார்கள்! தேர்வில் மட்டும் பயிற்சி கொடுக்கும் வகுப்பு ஏன் போதாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். கையோடு தலைவரியைக் கட்டவைக்கவும் சொல்லித்தர வேண்டும். ஹாட்டீஸ்பர்க் பக்கத்தில் வெர்னன் டாமர் தன் கடையிலேயே அந்த வரியைக் கட்ட உதவ முன்வந்ததால், 1966 ஜனவரியில் வீட்டைக் கொளுத்திக் கொன்றார்கள்.

பொருளாதாரப் பழியும் இதில் அடக்கம். லெஃப்லோர் கவுன்டியில் பதிவு முயற்சி சூடுபிடித்ததும், குளிர்காலத்தில் ஏழைகள் நம்பியிருந்த மத்திய அரசின் இலவச உணவுப் பொருள் விநியோகத்தை 1962-ல் கவுன்டி நிர்வாகம் நிறுத்தியது. பாதிக்கப்பட்டவர்கள் 20,000-க்கும் மேல். அப்புறம் ஸ்னிக் வடக்கிலிருந்து லாரி லாரியாக உணவு வரவழைத்து விநியோகித்தது. இதில் நிர்வாகம் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது: பதிவுக்கும் தன் அடுப்புக்கும் உள்ள தொடர்பு பண்ணைக் கூலிகளுக்கு நேரடியாகப் புரிந்தது, உணவு வாங்க வந்தவர்கள் பதிவுக்கும் வந்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? 1962 ஏப்ரலில் அட்லாண்டாவில் வைலி பிரான்டன் தலைமையில் வாக்காளர் கல்வித் திட்டம் தொடங்கியது. டகோனிக், ஃபீல்ட், ஸ்டெர்ன் அறக்கட்டளைகளின் பணத்தைப் பல அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. எந்தக் கட்சிக்கும் சாய்வில்லாத கல்விப்பணி என்று வரிவிலக்கும் வாங்கியிருந்தது. 1964 வரை தெற்கு முழுவதும் 6,80,000-க்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்யவைத்தது. நகரங்களிலும், விதி தளர்ந்த மாநிலங்களிலும் நல்ல பலன். மிசிசிப்பியில் மட்டும் செலவுக்கேற்ற பலன் இல்லை என்று 1963 இறுதியில் பணத்தை நிறுத்தியது. கணக்குப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் மிசிசிப்பியில் நடந்ததைப் பதிவு எண்ணிக்கையால் அளப்பது தவறான அளவுகோல்.

ஏன் என்று சொல்கிறேன். 1957 குடிமை உரிமைச் சட்டம், வாக்குரிமை மறுப்புக்கு எதிராக மத்திய அரசே வழக்குப் போட வழி செய்தது. 1960 சட்டம், பதிவு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைக் கொடுத்தது. நீதித் துறையின் ஜான் டோரும் அவருடைய வழக்கறிஞர்களும் அந்தப் படிவங்களைப் படமெடுத்து, வெள்ளையர் படிவத்தையும் கறுப்பினத்தவர் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எழுத்துப் பிழை மலிந்த ஒருவரிப் பதில் தேறியிருக்கும். பக்கம் நிறைய எழுதிய பட்டதாரி தோற்றிருப்பார். இந்த ஒப்பீட்டுக்குக் கறுப்பினத்தவர் படிவம் இருந்தாக வேண்டும். யாரும் போகாவிட்டால், அவர்களுக்கு அக்கறையில்லை என்று அலுவலர் சொல்லிவிடுவார், சொன்னார்களும். தோற்பார்கள் என்று தெரிந்தே ஆட்களை அழைத்துப் போனதன் பொருள் இதுதான். பனோலா கவுன்டி வழக்கில் 1964-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வெள்ளையருக்கு எந்த அளவுகோலோ அதுவே எல்லோருக்கும் என்று சொல்லி விளக்கத் தேர்வை ஓராண்டு நிறுத்திவைத்தது. அதுவரை விரல்விட்டு எண்ணும்படி இருந்த கவுன்டியில், உடனே நூற்றுக்கணக்கானோர் பதிந்தார்கள். தேர்வை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டம் வருவதற்கு முன்பே கிடைத்த சான்று அது.

அதிகாரப்பூர்வத் தேர்தலுக்கு வெளியேயும் மிசிசிப்பியில் ஒரு தேர்தல் நடத்தினார்கள். 1963 நவம்பரில் ஆரன் ஹென்றியை ஆளுநர் வேட்பாளராக்கி நடத்திய மாதிரித் தேர்தலில் ஏறத்தாழ 80,000 பேர் வாக்களித்தார்கள். 1964 கோடையில் ஏறத்தாழ ஆயிரம் தன்னார்வலர்கள் வந்தார்கள். சுமார் 17,000 பேர் பதிவுக்கு முயன்றார்கள், 1,600 பேரைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். உரிமை இயக்க ஊழியர்களான ஷ்வெர்னர், சேனி, குட்மன் மூவரும் கொல்லப்பட்டது அந்தக் கோடையின் தொடக்கத்தில்தான்.

அலபாமாவின் செல்மாவில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் சுமார் 15,000. பட்டியலில் இருந்தவர்கள் சில நூறு பேர். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைதான் திறந்திருக்கும். பல் மருத்துவமனையில் வேலை பார்த்த மேரி ஃபாஸ்டர் 1963-ல் முதல் வகுப்பை நடத்தியபோது வந்தவர் ஒரே ஒரு முதியவர். அவருக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்து அனுப்பினார், பிறகு மற்றவர்கள் வந்தார்கள். 1965 மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்து சென்றவர்களைக் காவலர்கள் தாக்கியது உலகத்துக்கே தெரியும்.

ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தான சட்டத்தின் சூத்திரம் எளிமையானது. 1964 நவம்பரில் தேர்வு வைத்திருந்து, வாக்களிக்கும் வயதினரில் பாதிக்கும் குறைவானவர்களே பதிந்த அல்லது வாக்களித்த இடங்களில் தேர்வு ரத்து. தேவைப்படும் கவுன்டிகளுக்கு மத்திய அரசே பதிவு அலுவலரை அனுப்பும் என்றது. சில நாட்களிலேயே அனுப்பினார்கள். ஆனால் எல்லாக் கவுன்டிக்கும் அனுப்பவில்லை, அங்கேதான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் கிடைக்கிறது. மத்திய அலுவலரும் உள்ளூர்ப் பதிவு இயக்கமும் சேர்ந்து இருந்த கவுன்டிகளில் பதிவு விகிதம் மிக உயரம். இரண்டும் இல்லாத இடங்களில் மிகக் குறைவு. சட்டம் ஒன்றுதான், பலன் ஒன்றாக இல்லை.

செல்மாவுக்குப் பக்கத்து லௌன்ட்ஸ் கவுன்டியில் 1965 தொடக்கத்தில் கறுப்பின வாக்காளர் ஒருவர்கூட இல்லை. மக்களில் ஐந்தில் நான்கு பேர் அவர்கள். பதிந்ததற்காகப் பண்ணைகளிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் போட்டுக் குளிர்காலத்தைக் கழித்தன. அங்கே வகுப்பின் பாடம் மறுபடி மாறியது. பெயர் பட்டியலில் ஏறிவிட்டது, இனி எதற்கு வாக்களிப்பது? ஷெரிஃபின் (கவுன்டி காவல் தலைவரின்) வேலை என்ன, வரி மதிப்பீட்டாளர் என்ன செய்கிறார், மரண விசாரணை அதிகாரிக்கு என்ன அதிகாரம், பள்ளி வாரியம் பணத்தை எப்படிப் பங்கிடுகிறது என்று ஒவ்வொரு பதவிக்கும் ஸ்னிக் படக்கதைத் துண்டுப் பிரசுரம் அச்சிட்டது. தனிக் கட்சி தொடங்கக் கட்டாயமாக ஒரு சின்னம் வேண்டும் என்றது அலபாமா சட்டம், கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1966 மே 3 அன்று வேட்பாளர்களைத் தேர்வு செய்ய ஏறத்தாழ 900 பேர் கூடினார்கள். நவம்பர் தேர்தலில் நின்ற ஏழு பேரும் தோற்றார்கள். கட்சியை முன்னின்று நடத்திய ஜான் ஹியூலட் 1970 தேர்தலில் அந்தக் கவுன்டியின் ஷெரிஃப் ஆனார்.